இரண்டாம் மொழியும் இணையமும்: தமிழ் கற்பித்தல் கடந்து வந்த பாதை



"தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இரண்டாம் மொழி கற்பித்தலைப் பற்றி என்ன கவலை? தாய்மொழியைத்தானே கற்பிக்கிறீர்கள்?" என்று பலர் கேட்பதுண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பென்றால் அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். இன்று பொருந்தாது. நம் வகுப்பறையில் இரண்டாம் மொழி இரண்டு வடிவங்களில் அமர்ந்திருக்கிறது. ஒன்று, நம் மாணவர்கள் கற்கும் மலாய் மொழி. மற்றொன்று, சொல்லவே வருத்தமாக இருந்தாலும், தமிழேதான்!

ஆம், ஈப்போ போன்ற நகரங்களில் முதலாம் ஆண்டில் காலடி வைக்கும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசி வளர்ந்தவர்கள். பாட்டியோடு மட்டும் தமிழ் பேசுபவர்களும் உண்டு. வேற்றினப் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். இவர்களுக்குக் கற்பிக்க நாம் பயின்ற பழைய முறை போதவில்லை. அதற்குத் துணையாக இணையத்தை நாடுகிறோம். அந்த இணையத் தமிழ் எப்படி உருவானது, யாருக்காக உருவானது என்ற வரலாற்றை அறிந்தால்தான் அதனைச் சரியாகப் பயன்படுத்த முடியும் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

தோட்டம் கொடுத்த தமிழ்

பேராக் மாநிலத்திற்கும் இரப்பருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பின்னர்த் தோட்டங்கள் பெருகின, தமிழர்கள் வந்தனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர் என்ற நிலைதான். கல்வித் தரத்தைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. அங்கே தமிழ், பள்ளிக்கு வெளியேயும் இருந்தது. லயத்து வீடுகளில், கோயில் திருவிழாவில், காலைப் பிரட்டில், பால் நிறுக்கும் கொட்டகையில், வானொலியில் என எங்கும் தமிழ் ஒலித்தது. ஆசிரியர் எழுத்தை மட்டும் கற்பித்தால் போதும். பேச்சைத் தோட்டமே கற்பித்துவிட்டது.

1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதனைக் கண்டு கவலையுற்ற சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது நாம் அறிந்த வரலாறு. பின்வந்த ஆண்டுகளில் இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. குடும்பங்கள் புந்தோங் முதலிய நகர்ப்பகுதிகளுக்கும் சிறுபட்டணங்களுக்கும் பெயர்ந்தன. 1957இல் நாடு முழுவதும் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேல் என்ற அளவில் நிற்கின்றன. பேராக்கில் மட்டும் 134 பள்ளிகள்.

பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பள்ளிக்கு வெளியே இருந்த தமிழ்ச் சூழல் குறைந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. சூழல் போனால் தாய்மொழியும் இரண்டாம் மொழியாகிவிடும். அந்தச் சூழலை இழந்தவர்கள், அல்லது தொடக்கத்திலேயே பெறாதவர்கள், நமக்கு முன்பே வேறு நாடுகளில் இருந்தனர். இணையத் தமிழின் தொடக்கத்தில் அவர்கள் பெரும் பங்காற்றினர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

முதலில் எழுத்து வேண்டும்

மொழியைக் கற்க முதலில் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் காட்டுவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது.

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே தமிழ் மென்பொருள் முயற்சியில் இறங்கியவர். இவர் நம் மரபுக் கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மகன். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் உலகத் தமிழர்கள் பலருக்குக் கணினியில் முதன்முதலாகத் தமிழ் எழுதும் வாய்ப்பைக் கொடுத்தது. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சித் துறையில் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா.கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த கவிதைத் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. இன்னொரு மலேசியத் தமிழரான பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட்டை நடத்தி, பல நாட்டுத் தமிழர்களைத் தமிழிலேயே மடலாட வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நா.கோவிந்தசாமி ஆசிரியர்களை உருவாக்கியவர். முத்து நெடுமாறன் ஆசிரியரின் வீட்டில் வளர்ந்தவர். நம் வகுப்பறைக்கும் கணினித் தமிழுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று!

ஆயினும் ஒரு சிக்கல் முளைத்தது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவை, ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பயன்படுத்தினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவை. இல்லாவிட்டால் திரையில் கட்டங்களும் புரியாத குறிகளும் தோன்றும். தமிழ் அறிந்தவர் "எழுத்துரு இல்லை" என்று புரிந்துகொள்வார். தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவரோ அதுவும் தமிழெழுத்து என்றே நினைத்துவிடக்கூடும்!

இதனைத் தீர்க்கவே மாநாடுகள் கூடின. 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் மாநாடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத் தமிழன்பர்கள் திஸ்கி என்னும் வேறொரு முறையைக் கையாண்டனர். 2000இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது. 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. இறுதியில் நிலைத்து நின்றது ஒருங்குறியே. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால், அது நடைமுறையில் பரவப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியை முறையாக ஏற்றது.

ஒருங்குறியால் கற்பவருக்கு என்ன நன்மை? ஒரு சொல்லைத் தேடலாம். அதை வெட்டி எடுத்து அகராதியில் இடலாம். கணினியையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். பழைய எழுத்துருவில் தட்டிய பயிற்சித்தாளில் இவற்றுள் எதையும் நேரடியாகச் செய்ய முடியாது.

விசைப்பலகையும் ஒரு பாடக்கருவிதான் என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சல் முறையில் ஒலிப்பை உரோமன் எழுத்துகளில் தட்டினால் தமிழ் வருகிறது. மலாயும் ஆங்கிலமும் அறிந்த பெரியவர்களுக்கு இது மிகவும் எளிது. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் உள்ளன. 'க'வைத் தட்டி 'ஆ'வைத் தட்டினால் 'கா' பிறக்கிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கரும்பலகையில் ஒரு மாதம் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கே விரலே அதைச் செய்து பார்க்கிறது. ஆகவே, எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தைக்குத் தமிழ்99ஐயே நான் பரிந்துரைப்பேன்.

பிறகு பாடம் வந்தது

எழுத்து வந்ததும் நூல்கள் வந்தன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும்படி செய்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அலமாரியில் கனவிலும் காண முடியாத நூல்கள் இவை!

ஆனால், இலக்கியமும் பேரகராதியும் தமிழ் தெரிந்தவருக்குத்தானே பயன்படும்? தெரியாதவருக்குப் பாடம் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெரால்டு சிஃப்மனும் முனைவர் வாசு அரங்கநாதனும் இணையவழித் தமிழ்ப் பாடங்களை உருவாக்கினர். ஒலியும் பயிற்சியும் இணைந்த அப்பாடங்கள் வயது வந்த அமெரிக்க மாணவர்களுக்காக, ஆங்கில விளக்கத்தோடு அமைந்தவை.

1999 சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அறிஞர் வா.செ.குழந்தைசாமி அதன் முதல் தலைவர். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அயலகத் தமிழர்களின் பிள்ளைகளை மனத்தில் கொண்டு மழலைக் கல்வி, சான்றிதழ்க் கல்வி, பட்டயம், பட்டம் எனப் படிப்படியாகப் பாடங்கள் அமைந்தன. அதில் உள்ள மழலைப் பாடல்களும் கதைகளும் எழுத்து அறிமுகமும் நம் படிநிலை ஒன்று மாணவர்களுக்கு இன்றும் உதவக்கூடியவை.

நம் நாட்டில் அப்போது என்ன நிலை? 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. ஒளிக்காட்டியும் வந்தன. அந்தக் கொள்கையை மீட்டுக்கொள்வதாக 2009இல் அரசு அறிவித்தது. ஆங்கிலத்திற்காக வந்த கருவியில் தமிழ்ப் பாடத்தையும் காட்டலாம் என்று கண்டுகொண்ட ஆசிரியர்கள் உண்டு. கருவிக்கு மொழி இல்லை. பயன்படுத்துபவருக்குத்தான் மொழி உண்டு.

எந்தத் தமிழைக் கற்பிப்பது?

இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிப்போர் எல்லாரும் ஒரு சுவரில் முட்டிக்கொள்கின்றனர். எழுத்துத் தமிழ் ஒன்று. பேச்சுத் தமிழ் ஒன்று. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று பாடநூலில் படித்த பிள்ளை, "வந்துக்கிட்டிருக்கேன்" என்று பாட்டி சொன்னால் விழிக்கிறது.

இது புதிய சிக்கலன்று. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1728இலேயே பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்குத் தனியாக இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். பின்னால் வரும் அயலார் இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1999இல் பேச்சுத் தமிழுக்கு விரிவான இலக்கணம் எழுதிய சிஃப்மனும் அதே தேவையை உணர்ந்தவரே. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்றது.

அச்சுநூலால் தர முடியாத ஒன்றை இணையம் இங்கே தருகிறது. அதுதான் குரல். 'கல்', 'பகல்', 'தங்கம்', 'பக்கம்' என்னும் நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'க' என்னும் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வேறு வேறாக ஒலிக்கிறது. தமிழ்ச் சூழலில் வளர்ந்த நமக்கு இது தெரியாமலே வந்துவிட்டது. வேற்றுமொழி பேசும் பிள்ளைக்குக் கேட்டால் மட்டுமே வரும். ல, ழ, ள வேறுபாடும் அப்படித்தான். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்லும் ஒலிப்பதிவு, நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரால் கொடுக்க முடியாத பொறுமையைக் கொடுக்கிறது.

மலாய் மொழிப் பக்கம்

இனி, நம் மாணவர்களின் மற்றோர் இரண்டாம் மொழிக்கு வருவோம். மலாய்ச் சொல்லின் ஒலிப்பை நூலின் ஓரத்தில் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மலாயில் 'கற்றல்' என்ற பொருள் தரும் சொல்லையும் 'மாணவர்' என்ற பொருள் தரும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பெலாஜார்' என்றுதான் வரும்! முதலெழுத்தின் ஒலி வேறுபாட்டைத் தமிழெழுத்து காட்டாது. கேட்டுப் பழகினால்தான் அது செவியில் பதியும்.

இரண்டாவது, வேர்ச்சொல். 'பெலாஜார்', 'மெங்ஙாஜார்', 'பெலாஜாரான்' யாவும் 'ஆஜார்' என்னும் ஒரே வேரிலிருந்து முன்னொட்டும் பின்னொட்டும் பெற்றுப் பிறந்தவை. டேவான் பஹாசா டான் புஸ்தாகா வழங்கும் இணையவழிச் சொல்தேடல் தளத்தில் சொல்லை இட்டு, வேரையும் பொருளையும் பார்க்கும் பழக்கத்தை நான்காம் ஆண்டிலிருந்தே ஏற்படுத்தலாம்.

தமிழிலும் இதே நிலைதான். 'மரத்தில்' என்ற சொல்லை அகராதியில் தேடும் பிள்ளைக்கு விடை கிடைக்காது. 'மரம்' என்று தேட வேண்டும். 'வந்தான்' கிடைக்காது, 'வா' என்று தேட வேண்டும். தமிழ் தெரிந்தவருக்குத்தான் தமிழ் அகராதி திறக்கும் என்றால், கற்பவர் என்ன செய்வார்? அவருக்கு வேரைக் காண வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். மொழிபெயர்ப்புத் தளங்களும் இன்றைய செயற்கை நுண்ணறிவும் அந்த வேலையைச் செய்துவிடுமே என்பீர்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இலேயே தமிழ் வந்துவிட்டது. ஆனால், முழு வாக்கியத்தையும் ஆயத்தமாகப் பெறும் மாணவர் வேரைத் தேடுவதில்லை. விடை கிடைக்கிறது, மொழி கிடைப்பதில்லை.

முடக்கக் காலம் காட்டியது

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டு வீடே வகுப்பறையானது. அதே ஆண்டு ஜூனில் கல்வி அமைச்சு டெலிமா தளத்தை அறிமுகப்படுத்தியது. 2021 பிப்ரவரியில் டிடிக் தொலைக்காட்சி தொடங்கியது.

முன்னாள் தோட்டப்புறங்களில் நடந்ததோ வேறு. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வகுப்பு. செம்பனைக்கு நடுவே இணைய அலைவரிசை வந்து வந்து போகும். இயங்கலை வகுப்புக்கு வர இயலாத மாணவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அந்த நிலையில் எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது புலனத்தில் அனுப்பும் குரல்பதிவுதான். ஆசிரியர் ஒரு பத்தியைப் படித்து அனுப்புவார். தந்தை வீடு திரும்பியபின் பிள்ளை அதைக் கேட்டு, தானும் படித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்பும். நேரலை தேவையில்லை, குறைந்த தரவே போதும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகூட, வீட்டில் நான்கு முறை படித்துப் பார்த்து நல்ல பதிவை அனுப்பியது. இரண்டாம் மொழி கற்பவருக்குத் தேவையான கேட்டல், பேசுதல், படித்தல் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. இதைவிட எளிய இணைய வளம் வேறென்ன இருக்க முடியும்?

இன்னொன்றையும் கண்டோம். தளங்கள் வரும், போகும். 2012 முதல் பள்ளிகளில் இருந்த ஃபுரோக் மெய்நிகர்க் கற்றல் தளம் 2019இல் முடிவுக்கு வந்தது. ஒரு தளத்திற்குள் மட்டுமே வைத்த பாடம், தளம் போனால் கைக்கு எட்டாமல் போகும். பழைய எழுத்துருவில் மட்டுமே வைத்த பாடத்தின் கதியும் அதுவே. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் நிற்பதற்குக் காரணம், அவை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டதும், காலத்திற்கேற்ப ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதும்தான்.

நம் பங்கு என்ன?

இந்த வரலாற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். இணையத் தமிழ்ப் பாடங்களை உருவாக்கியோர் அவரவர் முன் இருந்த மாணவரை நினைத்தே உருவாக்கினர். பென்சில்வேனியாவின் பாடம் அமெரிக்க இளைஞருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடம் உலகெங்கும் சிதறிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் மலாய் கலந்து பேசி வளரும் நம் பிள்ளையை நினைத்து யார் உருவாக்குவார்? அந்தப் பிள்ளையின் முன் நாள்தோறும் நிற்பவர்தாம் உருவாக்க வேண்டும். அது நாம்தான்.

பெரிய மென்பொருள் தேவையில்லை. ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான பரிந்துரைகள் சில:

பழைய எழுத்துருக்களில் உள்ள பயிற்றுத் துணைப்பொருள்களையும் பயிற்சித்தாள்களையும் இப்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன.

பாடநூல் பத்திகளை உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். எழுத்துத் தமிழில் ஒருமுறை. அதே செய்தியை நம் ஊர்ப் பேச்சுத் தமிழில் ஒருமுறை. நம் பிள்ளைக்குச் சென்னைத் தொலைக்காட்சித் தமிழைவிடத் தன் பாட்டியின் தமிழே அருகில் உள்ளது.

சொற்பட்டியல் செய்யும்போது வேர்ச்சொல்லையும் உடன் கொடுங்கள். மலாய்ப் பாடத்திற்கும் அப்படியே.

தேசியப் பள்ளிகளில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தச் சட்டத்தில் இடமுண்டு. அங்கே தனியாக நின்று கற்பிக்கும் ஆசிரியருடனும் உங்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவருடைய மாணவர்களுள் பலருக்கும் தமிழ் இரண்டாம் மொழிதான்.

அன்று தோட்டம் இலவசமாகக் கொடுத்த தமிழ்ச் சூழலை இணையத்தால் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆயினும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரு நல்ல குரலை, நல்ல தமிழை ஒரு குழந்தையின் செவியில் சேர்க்க முடியும். அந்தப் பத்து நிமிடத்தை ஆயத்தம் செய்வது நம் கையில் இருக்கிறது.

உங்கள் பள்ளியில் பயன்தந்த முறைகள் இருந்தால் எழுதுங்கள். அனைவரும் அறிந்து பயன்பெறுவோம்.